ஆறாம் எண் அறையும் விடுதி வரியும்

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், சோளக்காட்டு நடுவே, லவோன் பெஷெக் எட்டு அறை மோட்டல் ஒன்றை நடத்திவந்தாள். யார் எந்த அறையில் தூங்கினார்கள் என்பதை அவள் வாயிலிருந்து பிடுங்க எந்தக் கொம்பனாலும் முடியாது.

ஆகஸ்டில் மாவட்டக் கண்காட்சி நடக்கும் வாரம்தான் எட்டு அறைகளும் நிரம்பும். அந்த ஒரு வார வரும்படியில்தான் அவளுக்கு வருஷமே ஓடியது. அதற்கும் வந்தது ஆபத்து. கண்காட்சித் திடலின் கழிப்பறைகளைப் பார்த்த சுகாதார அதிகாரி, புதிதாகக் கட்டாவிட்டால் அடுத்த ஆண்டு கண்காட்சியே கிடையாது என்று சொல்லிவிட்டார். மாவட்ட மன்றத்தின் கஜானாவோ துடைத்து வைத்த பாத்திரம். அறை வாடகைமேல் நான்கு சதவீதம் வரி போட்டுக் கட்டுங்கள் என்று லவோனே போய்க் கேட்டாள். வரி கேட்டு வந்த மோட்டல்காரியை மன்றம் அதுவரை பார்த்ததில்லை.

மன்றத்தில் மூன்று பேர். ஒருவர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. மூன்றாமவர் ஆரின் டுட்டில் இழுத்தடித்தார்.

காரணம் ஊரறிந்தது. மனைவி கோரா துரத்திவிடும்போதெல்லாம் ஆரின் சொந்தத் தலையணையோடு ஆறாம் எண் அறைக்கு வந்துவிடுவார். யாருக்கும் தெரியக்கூடாதென்று, தன் சிவப்பு வண்டியை வெள்ளை எரிவாயுத் தொட்டிக்குப் பின்னால் நிறுத்துவார். தொட்டியைவிட வண்டி நீளம். அந்தச் சாலையில் போகிறவர்கள், ஆளில்லாத அந்த வண்டிக்கும் பழக்கதோஷத்தில் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரல் தூக்கி வணக்கம் வைத்துவிட்டுப் போவார்கள்.

"ஒரு வார்த்தை சொல்லு லவோன், மனுஷன் சுருண்டுடுவாரு" என்றார் கண்காட்சிச் செயலாளர் எமெட்.

"என் கூரைக்குக் கீழ படுத்தவங்களப் பத்தி நான் பேசறதில்ல. கண்காட்சி போனாலும் சரி."

கூட்டத்தன்று ஆரின் எழுந்து முழங்கினார். "வெளியூர்க்காரன் தலையில கட்டறோம்னு நெனைக்காதீங்க. நம்ம ஆளுங்க தலையிலயும் விழும்!"

"வீட்ட விட்டுட்டு மோட்டல்ல போய் யாருப்பா படுக்கறாங்க, நம்ம ஊர்ல?" என்றார் எமெட், பச்சைக் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

கூட்டம் முழுக்க விட்டத்தைப் பார்த்தது. மன்றத் தலைவர், லவோன் பக்கம் திரும்பினார். அவள் எழுந்தாள்.

"அப்படி யாரும் எனக்கு ஞாபகம் வரலீங்க."

ஆரினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர். ஆரின் கை மேலே போனது.

"எனக்கு நல்லா ஞாபகம் வருதே!" கடைசி வரிசையில் கோரா எழுந்து நின்றாள். "நாலு பத்தாது, எட்டாப் போடுங்க. அப்பவாச்சும் இந்த மனுஷன் சாணி பூட்ஸக் கழட்டிட்டு வீட்டுக்குள்ள வருவாரு!"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. ஆரின் கை இன்னும் அந்தரத்தில் நின்றது.

"ஆரின், அது எதிர்ப்புக் கைதானே?" என்றார் தலைவர்.

"யாரு சொன்னது? கொஞ்சம் முந்தித் தூக்கிட்டேன். ஆதரவு!"

கழிப்பறைகள் எழுந்தன. அடுத்த ஆகஸ்டில் கண்காட்சி தொடங்கிய நாள் மாலை, ஆரின் தலையணையோடு வந்து நின்றார். பூட்ஸில் சாணி.

"எட்டும் நிரம்பிடுச்சு ஆரின்" என்றாள் லவோன். பாவமாகத்தான் இருந்தது; சிரிப்பும் முட்டியது. "திடல்ல வண்டிய நிறுத்திப் படுத்துக்கோ. பக்கத்துலயே புதுக் கழிப்பறை. நீ கட்டினதுதான். அங்க வரி கெடையாது."