லிஃப்ட் பாஸ்டர் கூரையில் ஒட்டிய காகிதம்

அந்த ஆறு மாடி ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் ஏற்றும் பெரிய லிஃப்டை ஓட்டியவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவர் லிஃப்ட் பாஸ்டர். படித்துப் பட்டம் வாங்கிய பாஸ்டர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் நாற்காலி எடுத்துப் போடுகிறவர்தான். ஆனால் திங்கள் முதல் சனி வரை அவருக்குச் சொந்தமாக ஒரு சபை கிடைத்தது. ஒரு தடவைக்குப் பத்துப் பேர், கதவு சாத்தியிருக்கும், தப்பிக்க வழியே கிடையாது.

கீழ்த்தளத்தில் கதவை மூடினால் ஆறாவது மாடியில் திறக்க நாற்பத்தெட்டு விநாடி. அந்த நாற்பத்தெட்டு விநாடியையும் ஆண்டவர் தனக்கென்றே ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார் என்று மனிதர் முழுசாக நம்பினார். ஆறு மாடிக்குப் போகிறவர்களுக்கு நரகத்தின் சூடு, அகலம், ஆழம் எல்லாம் உண்டு. மூன்று மாடிக்குச் சூடு மட்டும். ஒரே மாடி என்றால் ஒரே கேள்வி.

"செத்தா எங்க போவோம்னு யோசிச்சீங்களா?" என்பார். கதவு திறக்கும். "முதல் மாடி, எக்ஸ்ரே" என்பார்.

ஜனங்கள் செருப்பைப் பார்த்தார்கள், கைபேசியைப் பார்த்தார்கள், இல்லாத அழைப்புக்கு ஹலோ சொன்னார்கள். கொஞ்சம் திடமானவர்கள் படிக்கட்டுக்கு மாறினார்கள். இப்போதெல்லாம் மக்களுக்கு உடற்பயிற்சியில் அக்கறை வந்துவிட்டது என்று இதய டாக்டர் சந்தோஷப்பட்டார்.

கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். தளத்துக்கும் லிஃப்டுக்கும் இடையே ஒரு நூல் ஏற்றத்தாழ்வு இருந்தாலும் ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவருக்கு உலுக்கும் என்று, ஒவ்வொரு மாடியிலும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வழி விடுவார். சக்கரத்தில் மாட்டப் போகும் போர்வை நுனியை அவர் மடித்துவிடாத நாள் கிடையாது. வண்டி வருகிற தண்டவாளத்தில் ஒருவர் நின்றால் கத்தத்தானே வேண்டும், மெதுவாகப் பேசிக்கொண்டிருக்க முடியுமா என்பது அவருடைய நியாயம். பதினோரு வருஷம் கத்தினார். ஒருவர்கூட நின்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. உள்ளுக்குள் அது அவரை அரித்துக்கொண்டிருந்தது.

போன மாதம் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. நிற்கிறவர்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள், சரி. படுத்து வருகிறவர்கள் எங்கே பார்ப்பார்கள்? கூரையைத்தானே? இத்தனை வருஷம் இது நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டார். சுவரில் எதுவும் ஒட்டக் கூடாது என்றுதான் நிர்வாகத்தின் சுற்றறிக்கை. கூரையைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. ஒரு வெள்ளைத் தாளில் கொட்டை எழுத்தில், "இன்றே உன் கடைசி நாள் என்றால், நீ எங்கே போவாய்?" என்று எழுதினார். கீழே சிவப்புப் பேனாவால் நெருப்பு வரைந்தார். படம் வரைய வராது என்பதால் அது கீரைக்கட்டு மாதிரி வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை முக்காலி போட்டு ஏறி, கதவுக்கு ரப்பர் ஒட்டும் பசையை வைத்து அழுத்தி ஒட்டினார்.

அன்றைக்கு முதல் நோயாளி பஞ்சர் கடை அக்கா.

மூன்று தெரு தள்ளி டயர், டியூப் எல்லாம் வைத்துத் தனியாளாகக் கடை நடத்துகிறவள். லாரிச் சக்கரத்தை ஒற்றைக் காலால் மிதித்துக் கழற்றுவாள். பித்தப்பையில் கல். இரண்டு தடவை வலி வந்து சுருண்டு விழுந்தும், கடையைப் பூட்ட முடியாது என்று தள்ளிப் போட்டவள். மூன்றாவது தடவை வந்தால் பித்தப்பை உள்ளேயே கெட்டுப்போகும், உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்ன பிறகுதான் படுத்தாள். முதல் மாடி வார்டிலிருந்து நான்காவது மாடி ஆபரேஷன் தியேட்டருக்கு ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து, பக்கத்தில் தள்ளி வந்தவனிடம் கேலி பேசிக்கொண்டே லிஃப்டில் ஏறினாள். இரண்டாவது மாடி தாண்டும்போது பேச்சு நின்றது. பாஸ்டர் அதைக் கவனித்தார். வேலை செய்கிறது என்று அவர் மனம் குளிர்ந்ததை மறைப்பதற்கில்லை.

தியேட்டர் வாசலில் பிரஷர் பார்த்தபோது நூற்றுத் தொண்ணூறு. வார்டில் நூற்று முப்பதுதான் இருந்தது. நர்ஸ் இன்னொரு தடவை பார்ப்பதற்குள் அக்கா ஸ்ட்ரெச்சரிலிருந்து இறங்கி, பச்சை அங்கியோடு படிக்கட்டு வழியாகக் கிடுகிடுவென்று கீழே போய்விட்டாள்.

தள்ளி வந்தவன் சொல்லிக் கேட்டு, தியேட்டர் நர்ஸ்களுக்குத் தலைவியான பெரிய சிஸ்டர் லிஃப்டுக்கு வந்தார். முப்பது வருஷ சர்வீஸ். சத்தம் போடுகிற பழக்கம் இல்லை. மேலே பார்த்தார். பிறகு காலி ஸ்ட்ரெச்சரைக் காட்டினார்.

"படுங்க அண்ணே."

"சிஸ்டர், நான் எதுக்கு..."

"படுங்கன்னேன்ல."

பாஸ்டர் படுத்தார். சிஸ்டரே பொத்தானை அமுக்கினார். லிஃப்டுக்குள் இத்தனை வருஷமாக அவர் நின்றிருக்கிறார், படுத்ததில்லை. கீழேயிருந்து பார்த்தால் கதவு எங்கேயோ காலடியில் இருந்தது. பக்கத்தில் நிற்பவரின் முகம் தெரியவில்லை, மோவாய்தான் தெரிந்தது. கண்ணைக் கூச வைக்கும் குழல் விளக்கு. அதற்குப் பக்கத்தில் அவர் கையெழுத்து. நல்ல உடம்போடு, ஒரு நோயும் இல்லாமல், எழுதினவனே படுத்திருந்தும் பாஸ்டரால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். மூடினாலும் எழுத்து போகவில்லை.

"பதினொன்றரை வரைக்கும் டாக்டர் தியேட்டரை வச்சிருப்பாரு" என்றார் சிஸ்டர். "அத விட்டா ஆறு வாரம் கழிச்சுத்தான் நாள் கிடைக்கும். அதுக்குள்ள அந்தம்மாவுக்கு வலி வந்தா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. நீங்க இறக்கி விட்டவங்கள நீங்களே ஏத்திக்கிட்டு வாங்க."

மணி பத்து நாற்பது.

பாஸ்டர் முக்காலியில் ஏறிக் காகிதத்தைப் பிடித்து இழுத்தார். ரப்பர் பசை சும்மா விடுமா? மேல்தோல் மட்டும் கிழிந்தது. கத்தி எடுத்துச் சுரண்டினார். வியர்வை கொட்ட, தலையெல்லாம் காகிதத் துகளோடு, ஒரு வழியாகக் கடைசி எழுத்தையும் சுரண்டி எடுத்துவிட்டு அக்காவைத் தேடி ஓடினார்.

அவள் கீழ்த்தளத்துத் தையல் அறையில் இருந்தாள். தன் புடவையைக் கேட்டு யாரோ காட்டிய கதவுக்குள் நுழைந்திருக்கிறாள். அது பாஸ்டரின் மனைவி வேலை செய்யும் அறை. போர்வைக் குவியலுக்கும் இரண்டு தையல் மெஷினுக்கும் நடுவே ஒரு முக்காலியில் அக்கா உட்கார்ந்திருக்க, மனைவி அங்கிக்கு நாடா வைத்துத் தைத்துக்கொண்டே எல்லாக் கதையையும் கேட்டு முடித்திருந்தாள். கணவரின் தலையைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள்.

"இவருதான் ஒட்டுனது" என்று அக்காவிடம் காட்டிக் கொடுத்தாள். "எங்க வீட்டுக்காரர்தான்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் தம்பி, நெஜமாவே அத நம்புறியா?"

"நம்புறேன்க்கா."

"அப்ப நான் இன்னைக்குப் போயிட்டா, நீ வரைஞ்சு வச்சிருக்கியே, அங்கதான் போவேனா?"

பாஸ்டர் வாயைத் திறந்தார். ஆயிரமாயிரம் பேரிடம் கேட்ட கேள்வி அது. ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை. கேட்பதற்குள் கதவு திறந்துவிடும், மாடியின் பெயரைச் சொல்லிவிட்டால் போதும். இந்த அறையின் கதவு திறந்துதான் கிடந்தது, ஆனால் யாரும் வெளியே போகவில்லை. எதிரே ஒருத்தி பசியோடு, வெறுங்காலோடு, பச்சை அங்கியைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாதுக்கா" என்றார் பாஸ்டர். அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வந்தது அவருக்கே அதிசயமாக இருந்தது.

"தெரியாமயா கூரை வரைக்கும் ஏறி ஒட்டுன?"

"உங்களுக்கெல்லாம் நல்லது நடக்கணும்னுதான்..."

"நானும் கடை போட்ட புதுசுல அப்படித்தான். வர்ற ஆளுங்ககிட்டல்லாம் இந்த டயரு தாங்காது, வழியில வெடிச்சா குடும்பமே போயிரும்னு சொல்லுவேன். நடுங்கிப்போய் மாத்திட்டுப் போவாங்க. பொய்யும் இல்ல, தேஞ்ச டயருதான். ஆனா ஒருத்தன்கூட மறுபடியும் என் கடைப் பக்கம் வரல. என் மூஞ்சியப் பாத்தாலே அவனுக்கு வெடிக்கிற ஞாபகம்தான வரும்?"

மனைவி மெஷினை நிறுத்தினாள். பாஸ்டர் விட்டுக்கொடுக்கவில்லை. "பயம் வேணும்க்கா. நானே பயந்துதான் திருந்தி வந்தேன். பஸ் ஸ்டாண்டுல ஒருத்தர் நரகத்தப் பத்தி மைக் வச்சுப் பேசினாரு. அன்னைக்கே சபைக்குப் போனேன்." இருபது வருஷமாக எல்லா மேடையிலும் அவர் சொல்லும் சாட்சி அது.

"ஏங்க, பொய் சொல்லாதீங்க" என்றாள் மனைவி.

"எது பொய்?"

"அவரு பேசினதக் கேட்டு நீங்க ஓடுனீங்க. அவரு சத்தம் கேக்காத இடமா பாத்து ஓடுனீங்க. வழியில மழை புடிச்சுது. எங்க சபை வாசல்ல ஒதுங்குனீங்க. உள்ள நாங்க பாட்டுப் பழகிட்டு இருந்தோம். ஆர்மோனியக்காரர் உக்காந்த நாற்காலி கால் ஒடிஞ்சு அவரு கீழ விழுந்தாரு, விழுந்தும் வாசிக்கிறத நிறுத்தல. நாங்க சிரிச்சோம். வாசல்ல நின்னு நீங்களும் சிரிச்சீங்க. உள்ள வாங்கன்னு கூப்பிட்டோம், வந்தீங்க." அவள் அக்காவைப் பார்த்தாள். "பயந்து வந்த மூஞ்சியாக்கா அது? முப்பத்திரண்டு பல்லும் தெரிஞ்சுது. அதப் பாத்துத்தான் நான் கட்டிக்கவே சம்மதிச்சேன்."

பாஸ்டருக்குக் காது வரை சிவந்தது. மறுக்கப் பார்த்தார், முடியவில்லை. மழை, ஈரச் சட்டை, தரையில் உட்கார்ந்து ஆர்மோனியத்தின் மிதியை மிதித்துக்கொண்டிருந்த அந்தப் பெரியவர், எல்லாம் அப்படியே கண் முன் வந்தது. அன்றைக்கு அவர் எவ்வளவு சந்தோஷமாக இருந்தார்! இதையா இத்தனை வருஷம் ஒருவரிடமும் சொல்லவில்லை? சிரித்துவிட்டார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"இது நல்ல கதையா இருக்கே" என்றாள் அக்கா. "இத ஒட்ட வேண்டியதுதான? அப்படி என்ன பாட்டு பாடுனாங்க? பாடு, கேப்போம்."

"எனக்குப் பாட வராதுக்கா."

"வராது. சபையில இவரு வாயத் தொறந்தா பக்கத்து வரிசை தடுமாறும்" என்றாள் மனைவி. ஆனால் அவளே மெல்ல ஆரம்பித்துவிட்டாள். பாஸ்டரும் சேர்ந்துகொண்டார். சுருதி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீங்க, கல்லு குத்துது" என்று சிரித்தாள். துணி வாங்க வந்த வார்டு ஆயா வாசலிலேயே நின்று கேட்டாள்.

பாட்டு முடிந்தது. அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று ஐந்து.

"எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு" என்றாள், குரல் தாழ்ந்து.

"எனக்கும்தான்க்கா. நான் கூடவே வர்றேன்."

ஸ்ட்ரெச்சர் வந்தது. போர்வை நுனியை மடித்துவிட்டு, பாஸ்டர் தளத்தைக் குனிந்து பார்த்துவிட்டு ஏற்றினார். அக்கா மல்லாந்து கூரையைப் பார்த்தாள். சுரண்டிய கீறலும் பசைத் திட்டும்தான் மிச்சம். நாலு மாடியும் அவர் வாயே திறக்கவில்லை. அவளுக்கு மோவாய் மட்டும் தெரியக் கூடாது என்று குனிந்து, முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். தியேட்டர் வாசலில் பிரஷர் நூற்று நாற்பது. பெரிய சிஸ்டர் கதவைத் திறந்தார்.

அதற்கப்புறம் பாஸ்டர் செய்தது வேலை விதிப்படி பெரிய குற்றம். லிஃப்டை நான்காவது மாடியிலேயே கதவைத் திறந்து நிறுத்திவிட்டு, தியேட்டர் வாசலில் சுவரோரமாக நின்றுவிட்டார். எல்லா மாடியிலும் மணி அடித்தது. கீழே வசவு கேட்டது. அவர் நகரவில்லை. அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: ஆண்டவரே, அந்த அக்கா எழுந்து கடைக்குப் போகணும். சொர்க்கம், நரகம் எதுவும் அந்த ஜெபத்தில் இல்லை. அவள் மட்டும்தான் இருந்தாள்.

பன்னிரண்டே முக்காலுக்குச் சிஸ்டர் வெளியே வந்து முகமூடியை இறக்கினார். "பதினேழு கல்லு. நல்லா இருக்காங்க. போய் வண்டிய எடுங்க அண்ணே, ஆஸ்பத்திரியே நின்னு போச்சு."

பாஸ்டர் கீழே இறங்கினார். கதவு திறந்ததும் ஒன்றரை மணி நேரமாகக் காத்திருந்த கூட்டம் கடுகடுத்த முகத்தோடு ஏறியது. பத்துப் பேரும் பழக்கப்படி தலையைக் குனிந்துகொண்டார்கள். பாஸ்டருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"பதினேழு கல்லு எடுத்துட்டாங்க. அக்கா பிழைச்சுட்டாங்க" என்றார்.

யாரைச் சொல்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. அவர் முகத்தில் வழிந்த சந்தோஷத்தைப் பார்த்து, ஓர் ஓரத்தில் எக்ஸ்ரே உறையோடு நின்ற பெரியவர் மெல்லத் தலையை நிமிர்த்தினார்.

"பதினேழா? யாருக்குப்பா?" என்று கேட்டார்.

பதினோரு வருஷத்தில் அந்த லிஃப்டில் ஒருவர் அவரைக் கேட்ட முதல் கேள்வி. பாஸ்டர் சொல்ல ஆரம்பித்தார். பெரியவர் இறங்க வேண்டிய முதல் மாடி வந்து கதவு திறந்தது, மூடியது. பெரியவர் இறங்கவில்லை.