ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் கைமாறிய பிள்ளை

எண்பத்தெட்டு.

இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பா அம்மா இருவருக்கும் வேலை இருந்து, காசு கட்டிப் படிக்கும் அந்தப் பள்ளிக்குப் பூட்டு தொங்கிய நாட்கள், ஓர் ஆண்டுக்கு எண்பத்தெட்டு. சனி, ஞாயிறு இதில் சேராது. தெருக்கோடியில் இருந்த பொதுப் பள்ளிக்கூடம் இதைவிட ஏறக்குறைய ஒரு மாதம் குறைவாகத்தான் மூடியது. கூடக் காசு கொடுத்தால் குறைய நாள் கிடைக்கும். வேறெந்தக் கடைக்காரனாவது இப்படி விற்றால் செருப்பால் அடிப்போம். பள்ளிக்கூடம் விற்றால் வரிசையில் நின்று வாங்குகிறோம்.

அந்த வரிசையில் நின்றவர்களில் ஒருத்தியைப் பற்றி இது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை. அவளுக்குச் சொந்தப் பெயர் உண்டு. சம்பளம் போடுகிறவனைத் தவிர யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் மடிப்பக்கா. அவள் மடித்த விரிப்பை வார்டில் ஆயிரம் விரிப்புக்கு நடுவே வைத்தாலும் தெரியும். நான்கு முனையும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்து, ஆஸ்பத்திரி முத்திரை மேலே பார்த்தபடி இருக்கும். நீராவியில் வெந்த விரல்கள் அவளுக்கு. சுடுசோற்றுப் பானையை வெறுங்கையால் இறக்குவாள்.

ரோலர் என்பது அந்தக் கூடத்தின் முதலாளி. இந்தப் பக்கம் இரண்டு பேர் ஈர விரிப்பை ஊட்டுவார்கள். கொதிக்கும் உருளைகளுக்குள் போய் அந்தப் பக்கம் காய்ந்து வரும். அங்கே இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனை பிடித்து மடிப்பார்கள். ஒருத்தி நகர்ந்தால் மற்றவளால் ஒன்றும் செய்ய முடியாது, துணி குவியும். சட்டென்று நிறுத்தினால் உள்ளே இருப்பது கருகும். அதனால் அங்கே ஒரு வழக்கம். முறை மாற்ற வருகிறவள் துணி முனையைத் தன் கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான் இவள் விடலாம். மணி அடித்ததா இல்லையா என்பதை யாரும் பார்ப்பதில்லை. கை வந்ததா என்பதுதான் கேள்வி.

மடிப்பக்காவுக்குக் காலை முறை. புருஷன் பேருந்து ஓட்டுநர், மதியத்துக்குமேல் முறை. இந்த இரண்டு முறையையும் ஒன்றோடொன்று பொருத்திக்கொள்ள, இருவரும் எத்தனையோ பேரின் மேசைக்கு முன் நின்றார்கள். ஒரே பிள்ளை, ஏழு வயதுப் பெண். தனியார் பள்ளியில் போட்டதற்கு இங்கிலீசும் காரணமில்லை, கம்ப்யூட்டரும் காரணமில்லை. வேன் வாசலுக்கே வரும், சாயங்காலம்வரை உள்ளே வைத்துக்கொள்வார்கள். பொதுப் பள்ளி மதியத்தோடு விட்டுவிடும். அக்காவுக்கு வேண்டியிருந்தது அந்தப் பள்ளியின் பாடம் அல்ல, அதன் கேட்டு. வேலை இருந்தால்தான் பிள்ளை அந்தக் கேட்டுக்குள் இருக்கும். பிள்ளை கேட்டுக்குள் இருந்தால்தான் வேலை இருக்கும். ஒன்றை உருவினால் இரண்டும் சரியும்.

கேட்டு திறந்திருக்கும் நாட்களைப் பற்றித்தான் சேர்க்கும்போது பேசினார்கள். சாத்தியிருக்கும் நாட்களை யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

முதல் வருஷம் நாத்தனார் வீடு. போன முதல் லீவுக்கு மாலை மரியாதை. இரண்டாவது லீவுக்கு முகம் சுருங்கியது. மூன்றாவதில் வாயைத் திறந்தேவிட்டாள்.

"பாசம் வேற, பாரம் வேற அண்ணி. எனக்கும் ரெண்டு இருக்கு."

அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. அடுத்து, அதே பள்ளி நடத்திய விடுமுறை முகாம். அதற்குத் தனிக் கட்டணம். மத்தியானத்துக்கு முன்பே பிள்ளையை வாசலில் நிறுத்திவிடுவார்கள். "ஆபீஸ்ல போயி கேட்டேன்" என்று ஓட்டுநர் வந்து சொன்னார். "வீட்ல யாரும் இருக்க மாட்டாங்களான்னு அந்த மேடம் ஆச்சரியமா கேக்குது. நானும் ஆச்சரியமா பாத்துட்டு வந்துட்டேன்."

இருவருக்கும் சேர்த்துக் கிடைத்த லீவை எல்லாம் பிட்டுப் பிட்டுப் போட்டும் பாதி நாள்கூட அடைபடவில்லை. காலையில் அப்பா இருக்கிறார், மாலையில் அம்மா இருக்கிறாள். நடுவில் அவர் வண்டி எடுத்து, இவள் வேலை விட்டு வீடு சேரும் வரைக்கும்தான் ஓட்டை. அந்த ஓட்டையை அடைக்க ஓட்டுநருக்கு ஒரு யோசனை வந்தது. அவர் வண்டி ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் போகும்.

பிள்ளையைத் தன் இருக்கைக்குப் பின் இருக்கையில் உட்கார வைத்துக்கொண்டார். பாஸ் இருந்தது, யாரும் கேட்க முடியாது. ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் அம்மா சலவைக்கூடத்து நீலக் கோட்டோடு நிற்பாள், கையைத் தூக்குவாள். முன்கதவு திறக்கும், பிள்ளை இறங்கும், அம்மா கையைப் பிடிப்பாள், கதவு மூடும். வண்டி அதிகம் நின்றால் பின்னால் வருகிறவன் ஹாரனிலேயே குடும்பத்தை இழுத்துத் திட்டுவான். ஆகவே எல்லாம் மூச்சு விடுகிற நேரத்தில் முடிய வேண்டும்.

பிள்ளை தனக்குத்தானே பெயர் வைத்துக்கொண்டது. "அப்பா, பார்சல் ரெடி!" என்று கத்தும். தினம் ஏறுகிறவர்களுக்கெல்லாம் பழக்கமாகிவிட்டது. "என்ன பார்சல், இன்னைக்கு ஒடையற சாமானா?" என்று கேட்பார்கள். "இல்ல, கடிக்கிற சாமான்" என்று பல்லைக் காட்டும். அப்பாவும் பிள்ளையும் ஒரு விதி வைத்திருந்தார்கள். அம்மா கையைப் பார்த்த பிறகுதான் இறங்க வேண்டும்.

இரண்டு பெரிய லீவு இப்படி ஓடியது. நன்றாகத்தான் ஓடியது. இதைச் சாமர்த்தியம் என்று மெச்சியவர்களும் உண்டு. பிள்ளையை ஓடுகிற வண்டியிலிருந்து கைமாற்றித்தான் இரண்டு பேர் பிழைக்க முடியும் என்றால், அதற்குச் சாமர்த்தியம் என்று பெயரில்லை.

அன்றைக்கு முறை மாற்ற வேண்டியவள் வரவில்லை. கூடத்தில் மணி அடித்தது. மற்ற வரிசைக்காரிகள் நீலக் கோட்டோடு கிளம்பிவிட்டார்கள். ரோலரிலிருந்து விரிப்பு வந்துகொண்டே இருந்தது. எதிர்முனை பிடித்திருந்தவளை வாயாடி என்பார்கள். பெயருக்குப் பொருத்தமானவள்.

"அக்கா, உன் பார்சல் வர்ற நேரமாச்சே."

"மாத்தறவளைக் காணோமேடி."

"அவ பையன் ஸ்கூலையும் இன்னைக்குத்தான் பூட்டுனாங்களாம். அதுவும் காசு ஸ்கூலு. யாரு தலைலயாவது கட்டிட்டு வரேன்னு போன் பண்ணியிருக்கா."

"ரோலரை நிறுத்து."

"நிறுத்தினா உள்ள இருக்கறது கருகிடும். அப்பறம் அந்த ஆளு என் தோலை உரிச்சு இதுல விட்டு எடுப்பான்."

சூப்பர்வைசர் கதவருகே நின்றார். மடிப்பக்கா துணியை விடாமலே கத்தினாள்.

"சார், அஞ்சே நிமிஷம் சார். கேட்டு வரைக்கும் போயி பிள்ளையைக் கூட்டிட்டு வந்துடறேன். நீங்க இந்த முனையை மட்டும் பிடிங்க."

"நான் பிடிக்கவா? நல்லாயிருக்கே கதை. ஆபரேஷன் தியேட்டர்லேந்து ரெண்டு தடவ போன் வந்தாச்சு. வயித்தைத் தொறந்து வச்சுக்கிட்டு உன் பிள்ளைக்காக நிப்பாங்களா?"

"அப்ப ஒரு போனாவது..."

"லாக்கர்ல வச்சதை வீட்டுக்குப் போறப்பதான் எடுக்கணும். தெரியாதா உனக்கு?"

அவள் அடுத்த விரிப்பின் முனையைப் பிடித்தாள். கை வராமல் விடக்கூடாது என்பது சூப்பர்வைசர் சொல்லிக் கொடுத்ததல்ல. எதிரே நிற்கிறவளைத் தனியாக விடக்கூடாது என்று அந்தப் பெண்களே வைத்துக்கொண்டது.

வெளியே வண்டி நிறுத்தத்துக்கு வந்தது. முறை முடிந்த பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். எல்லாரும் நீலக் கோட்டு. அதில் ஒருத்தி வண்டியை நிறுத்தக் கையைத் தூக்கினாள்.

ஓட்டுநர் கதவைத் திறந்தார். "அதோ அம்மா. இறங்கு, இறங்கு."

"எங்கப்பா?"

"அதோ பாரும்மா, நீலக் கோட்டு. பின்னாடி வண்டி நிக்குது பாரு."

பிள்ளை இறங்கியது. ஏறுகிறவர்கள் ஏறினார்கள். கதவு மூடியது.

ஒவ்வொரு கோட்டுக்கு மேலேயும் வேறு வேறு முகம். பிள்ளை அழவில்லை. அம்மா வேலை செய்யும் இடம் எங்கே என்று அதற்குத் தெரியும். அம்மாவே ஒருநாள் கையைக் காட்டியிருக்கிறாள், பின்பக்கச் சரிவுப்பாதையில் ஏறினால் இருக்கும் பெரிய கதவு என்று. அழுக்குத் துணி உள்ளே போவதும், மடித்தது வெளியே வருவதும் அந்தச் சரிவு வழியாகத்தான். சக்கரம் வைத்த இரும்புக் கூண்டில், ஆள் உயரத்துக்குமேல் துணியை அடுக்கி, பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு இறக்குவார்கள். முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. "ஓரம், ஓரம்" என்று சத்தம் கொடுத்துக்கொண்டே வருவது வழக்கம். கேட்டவர்கள் வலப்பக்கம் சுவரில் உள்ள குழிவுக்குள் ஒதுங்குவார்கள். அது வேலைக்காரர்களுக்குத் தெரியும்.

கூண்டு வந்தபோது பிள்ளை, சாலையில் நடக்கச் சொல்லிக்கொடுத்தபடி செய்தது. இடப்பக்கச் சுவரோடு சுவராக ஒட்டி நின்றது.

கூடத்துக்குள் ஒருத்தி ஓடி வந்தாள். "சரிவுல ஒரு சின்னப் பொண்ணு... கூண்டு ஏறிடுச்சு... யார் பிள்ளைன்னு தெரியல."

மடிப்பக்கா முனையை விட்டாள். விரிப்பு தரையில் விழுந்தது, அதன்மேல் அடுத்தது, அதன்மேல் அடுத்தது. வாயாடிதான் ரோலரை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்தாள். கருகிய வாடை கூடம் முழுக்கப் பரவியது.

வலது கணுக்கால் நொறுங்கியிருந்தது. ஆஸ்பத்திரி வளாகத்திலேயே நடந்ததால் உடனே கத்தி வைத்தார்கள். வார்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்தபோது அக்கா குனிந்து பார்த்தாள். பிள்ளைக்கு அடியில் இருந்த விரிப்பில் நான்கு மடிப்புக் கோடும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நேராக ஓடின. முத்திரை மேலே பார்த்தபடி இருந்தது. அதை அவள் கையால் நீவி நீவிச் சுருக்கம் எடுத்துக்கொண்டே நின்றாள்.

பிள்ளை கண் விழித்ததும் சொன்ன முதல் பேச்சு இது: "அம்மா, நான் கையைப் பாக்காமலே எறங்கிட்டேன். தப்பு என்மேலதான்."

ஓட்டுநர் கட்டில் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தார். "நான் கோட்டைப் பாத்தேன். மூஞ்சியைப் பாக்கல."

"எல்லாருக்கும் ஒரே கோட்டைத்தான் தெச்சுக் குடுத்திருக்காங்க" என்றாள் அவள். "எந்திரிங்க. தரை ஈரமா இருக்கு."

மறுநாள் சூப்பர்வைசர் பழப்பையோடு வந்தார். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சும்மா. மனசைத் தேத்திக்க."

வாயாடி பக்கத்தில் நின்றாள். "தலைப்பாகை இல்ல சார், கால். தலைப்பாகைன்னா கடைல வேற வாங்கிக் கட்டிக்கலாம்."

பழம் வந்த மூன்றாம் நாள் அக்காமேல் நிர்வாகத்தின் குற்றப் பத்திரிகை வந்தது. அனுமதி இல்லாமல் வேலையிடத்தை விட்டு அகன்றது. துணிகள் பாழானது. வெளியாள் வளாகத்துக்குள் வரக் காரணமாக இருந்தது. வெளியாள் என்றால் ஏழு வயசுப் பெண்.

விசாரணை நாளன்று பெண்கள் ரோலரை ஊட்ட மறுத்தார்கள். ஒரு முழு முறை, உருளை வெறுமனே சுற்றியது. வார்டுகளிலிருந்து போன் மேல் போன். சாயங்காலம் நிர்வாகம் இறங்கி வந்தது. வேலை உண்டு, ஆனால் இதுதான் கடைசி எச்சரிக்கை. சொல்லாமல் ஒரு நாள் வராவிட்டாலும் வீட்டுக்குப் போகலாம். லீவுக் காலத்தில் முறையை மாற்றிக் கொடுக்கக் கேட்டதற்கு, பிள்ளைகள் நிர்வாகத்தின் பொறுப்பில் வர மாட்டார்கள் என்று பதில். சரிவின் அடியில் புதிதாக ஒரு பலகை மட்டும் வைத்தார்கள்: சிறுவர் நுழையக் கூடாது.

கூண்டு தள்ளியவர் ஒப்பந்த ஆள். அன்று இரவே அவரை அனுப்பிவிட்டார்கள். அவருக்காக யாரும் ரோலரை நிறுத்தவில்லை. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஓட்டுநர்மேல் போக்குவரத்துக்காரர்கள் விசாரணை வைத்தார்கள். வேலை தப்பியது, தடம் மாறியது. இப்போது அவர் வண்டி ஊரின் மறுகோடியில் ஓடுகிறது. ஆஸ்பத்திரி வாசல் பக்கமே வராது.

பிள்ளை நடக்கிறது. கணுக்கால் மடங்காது, இனியும் மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பொதுப் பள்ளிக்கு மாற்றலாம் என்றால் அங்கே வகுப்பு இரண்டாம் மாடியில். நடுவே பெரிய சாலை. ஆக அதே கேட்டு, அதே வேன். விடுமுறை முகாமில் கேட்டுப் பார்த்தார்கள். ஓட முடியாத பிள்ளைக்குத் தனியாக ஆள் போட முடியாது என்றார்கள். நாத்தனார் தானாக வந்து அழுதாள், ஒரு வாரம் வைத்துக்கொள்கிறேன் என்றாள். ஒரு வாரம்.

போன மாதம் ஒருநாள் முறை முடிந்து அக்கா லாக்கரிலிருந்து போனை எடுத்தாள். அடுத்த ஆண்டுக்கான பள்ளி நாட்காட்டி வந்திருந்தது. ஆசிரியர்களின் பயிற்சிக்காகச் சில விடுமுறை நாட்கள் கூட்டப்பட்டுள்ளன, பெற்றோரின் ஒத்துழைப்புக்கு நன்றி என்று கீழே ஒரு வரி. அவள் சுவரில் சாய்ந்து நின்று, சனி ஞாயிறை விட்டுவிட்டு, வெந்த விரலால் ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"எத்தனக்கா?" என்றாள் வாயாடி.

தொண்ணூற்று மூன்று.