போட்டோவில் நின்ற தாய்மாமன்

டிப்ளமோ முடித்துக் காண்ட்ராக்ட் வேலையில் சேர்ந்த வருடம், நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே ஒற்றை அறையில் இருந்தேன். கூடப் படித்தவர்கள் ஓசூர், கோவை என்று போய்விட்டார்கள். எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். அம்மா காடாம்புலியூரில் முந்திரி உடைத்தாள். கொட்டைப் பால் பட்டு விரல்களெல்லாம் வெந்து கறுத்திருக்கும். போனில் "துன்னியாடா?" என்பாள். "ஆச்சும்மா" என்பேன். உடனே போனை வைத்துவிடுவாள்.

அம்மாவை அந்த வேலையிலிருந்து நிறுத்த வேண்டும் என்ற எண்ணத்தில்தான் ஒரு கிட்னி புரோக்கரிடம் போய்ச் சேர்ந்தேன். ரத்ததான முகாமில் பழக்கமானவர். டீக்கடைக்குப் பின்னால் அழைத்துப்போய்ச் சட்டையைத் தூக்கி, விலாவுக்குக் கீழே ஓடிய தழும்பைக் காட்டினார்.

"பாத்துக்க. ஒரே கிட்னிய வச்சிகினுதான் ஓடிகினு இருக்கறேன். இன்னா கொறஞ்சி பூட்டேன்?"

கிட்னியை விற்பதும் வாங்குவதும் குற்றம். சொந்தக்காரர் பாசத்தால் தருகிறார் என்று நம்பினால்தான் விசாரிக்கிற குழு அனுமதி கொடுக்கும். ஆகவே புரோக்கருக்கு முதல் வேலை, சொந்தத்தை உண்டாக்குவது. பெரிய குவார்ட்டர்ஸ் ஒன்றில், டயாலிசிஸுக்குப் போய்வந்துகொண்டிருந்த ஒரு பெண்மணியை எனக்கு அக்கா ஆக்கினார். நான் அவருடைய சித்தி மகன்.

அவர் மகளுக்கு மஞ்சள் நீராட்டு நடந்தது. விழா நிஜம்தான். கூட்டத்தோடு என்னையும் நிறுத்திப் போட்டோ எடுத்துவிட ஏற்பாடு. அக்காவுக்கு உடன்பிறந்த தம்பி ஒருவர் உண்டு. கிட்னி தர மறுத்தவர். சீர்த்தட்டை அவர்தான் கொண்டுவந்திருந்தார். கேமராக்காரர் கூப்பிட்டதும் தட்டை என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

"பந்திக்கு நிக்கற மாதிரி நிக்காதீங்க பாஸ்," என்றார் கேமராக்காரர். "தாய்மாமன் மாதிரி நிமிந்து நில்லுங்க."

அந்தப் பெண் கழுத்தை நீட்டி, "மாலயப் போடுங்க மாமா," என்றாள். சொல்லிக்கொடுத்ததுதான். ஆனாலும் தட்டைக் கீழே வைத்துவிட்டு, மாலை நேராக விழும்வரை இழுத்துவிட்டேன்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பாடம். குழு கேட்டால் சொல்ல, அந்தக் குடும்பத்தின் கதை எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். பாடம் முடிந்ததும் அக்கா இலை போடுவார். "ரசம் ஊத்திக்க தம்பி. எலும்பும் தோலுமா இருக்க, பாக்கறவங்க என்னத்தான் திட்டுவாங்க," என்று சிரிப்பார். பாடம் இல்லாத ஞாயிறும் போனேன். கிட்னி போவதைவிட, அது போன பிறகு இந்த ஞாயிறு இருக்காதே என்பதுதான் என் பயமாக இருந்தது.

ரத்த குரூப் ஒன்றுதான் என்றாலும், கடைசிச் சோதனையில் என் ரத்தம் அவருடையதோடு ஒத்துவரவில்லை.

"உனுக்குக் குடுத்து வைக்கல. பஸ்ஸு ஏறு," என்றார் புரோக்கர். ஆஸ்பத்திரி வாசலிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு, கால் தானாக அங்கே போனது. முகம் வீங்கியிருந்த அக்காவே கேட்டுக்கு வந்தார். திறக்கவில்லை.

"இனிமே வராதீங்க தம்பி. வேற பையன் வந்துட்டான். சித்தி மகன் ரெண்டு பேருன்னா கேள்வி வரும்."

"ஒடம்பு எப்படிங்கக்கா இருக்கு?"

"இருக்கு."

உள்ளே ஒரு குரல் தயங்கித் தயங்கி ஒப்பித்தது: "அக்கா கல்யாணம் நெல்லிக்குப்பத்துல நடந்துச்சி..."

"மேல்பட்டாம்பாக்கம்," என்றேன்.

"சொல்லிடறேன்," என்று அக்கா உள்ளே போனார். அவன் அந்த ஊர்ப்பெயரைச் சரியாகச் சொல்லும்வரை கேட்டுக்கு வெளியே நின்றிருந்தேன்.