கேட்காமல் சேர்த்த கடை

விற்ற கணினிகள் பழசானால் எங்கள் நிறுவனமே திரும்பப் பெற வேண்டும். அதற்கான அரசு அனுமதியைப் புதுப்பிப்பது என் பொறுப்பு. பழைய கணினிகளை வாங்கி வைக்கும் சேகரிப்பு இடங்களின் சம்மதக் கடிதங்களை அன்று மாலைக்குள் அதிகாரிகள் கேட்டார்கள். அமெரிக்காவின் பிளானோ நகரில் ஒரு தமிழரின் மளிகைக் கடையை, அவரைக் கேட்காமலே சென்ற ஆண்டு எங்கள் இணையதளப் பட்டியலில் சேர்த்திருந்தேன். அனுமதி போனால் வேலை போகும், விசாவும் போகும். கடைக்கே போய் அவரிடம் உண்மையைச் சொன்னேன்.

"ஓ, நீதானாம்மா அது? வர்றவங்கல்லாம் பழைய லேப்டாப்பைக் குடுத்துட்டுப் போறாங்க. குப்பையில போட மனசு வரல. பின்னாடி அடுக்கி அடுக்கி, அரிசி மூட்டைக்கே இடமில்ல!"

"சாரி அங்கிள். கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன். இப்ப பழகிடுச்சு" என்று கையெழுத்திட்டார்.

அனுமதி கிடைத்தது. ஓர் ஆண்டாக என் வேலையைச் செய்த மனிதர், என் பட்டியலில் வெறும் முகவரியாக இருந்தார்.