நடுங்காத குரல்

என் முகத்தை இந்த ஊரில் அதிகம் பேருக்குத் தெரியாது. குரலைத் தெரியாதவர்கள் குறைவு. துணிக்கடைத் தள்ளுபடி, பள்ளிக்கூடச் சேர்க்கை, கண்ணீர் அஞ்சலி என்று ஒலிபெருக்கிப் பெட்டி கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போகும் ஆட்டோக்களில் பாதிக்கு நான் பதிவு செய்து கொடுத்த குரல்தான். பௌர்ணமிக்கு மட்டும் நேரடியாகப் பேசுவேன். செங்கம் சாலையில், கிரிவலப் பாதையோரம் போடுகிற அறிவிப்புப் பந்தலில் உட்கார்ந்து, கூட்டத்தில் தவறிப்போனவர்களைக் கூப்பிடுவது என் வேலை. "பயப்படாதீங்க, உங்க வீட்டுக்காரங்க இங்கதான் இருக்காங்க" என்றுதான் ஒவ்வொரு அறிவிப்பையும் தொடங்குவேன். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஒரு தடவை ஒரு குழந்தை அழுத அழுகையைப் பார்த்து நானாகச் சேர்த்துக்கொண்டது.

தேர்தல் வந்தால் இரண்டு பக்கத்து ஆட்களும் என்னிடமே வருவார்கள். காலையில் இவருக்கு ஓட்டுக் கேட்ட குரல் மாலையில் அவருக்குக் கேட்கும். எங்கள் ஊரில் இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. நாதஸ்வரக்காரர் எந்த வீட்டுக் கல்யாணத்திலும் வாசிக்கிற மாதிரி. ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தேன். புகழ்வதற்கு என் வாய், திட்டுவதற்கு உங்கள் வாய். இத்தனை தேர்தலில் ஒருவரும் அதை மீறச் சொன்னதில்லை.

எங்கள் வார்டுத் தேர்தலில்தான் ஒரு கட்சி வேட்பாளருக்காகக் கரைவேட்டிக்காரர் ஒருவர் தாளோடு வந்தார். எதிர்த்து நின்றவர் பக்கத்துத் தெருவில் இட்லி மாவு விற்கிற அம்மா. எந்தக் கட்சியும் இல்லை. சாக்கடை நாறுகிறது என்று மனு கொடுத்து அலுத்துப்போய், சுயேச்சையாக நின்றுவிட்டார். தெருவில் பாதி வீட்டுக்கு அவர் கடை மாவுதான், எங்கள் வீட்டுக்கும் சேர்த்து. தாளில் இப்படி இருந்தது: "ஊருக்கெல்லாம் மாவு அரைத்த கை, மாமியாருக்கு ஒரு இட்லி போட்டதா? பட்டினி போட்டுக் கொன்றுவிட்டு வீட்டை எழுதி வாங்கிய கைக்கா உங்கள் ஓட்டு?"

உண்மையைச் சொன்னால், பேசுவதற்கு நல்ல வரிகள். சந்தம் தானாக வந்து நாக்கில் உட்கார்ந்தது. அதுதான் எனக்கு எரிச்சல். தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

"இதெல்லாம் பேச்சுச் சுதந்திரம்தான மேடம்" என்றார் அவர். மரியாதையான மனிதர். கடைசிவரை மேடம் என்பதை விடவில்லை.

"சுதந்திரம் உங்களுக்கு இருக்குதுங்க. நீங்களே பேசுங்க. வாய் என்னுது."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்தச் சிரிப்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு ஒரு காலை, மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஆட்டோ திரும்பியது. "பயப்படாதீங்க" என்றது பெட்டி. என் குரல். "பயப்படாதீங்க, உண்மையைச் சொல்ல நான் இருக்கேன். ஊருக்கெல்லாம் மாவு அரைத்த கை..."

கையிலிருந்த ஈரத்துணி கீழே விழுந்தது. ஒரு கணம், நான்தான் எப்போதோ பேசிக்கொடுத்துவிட்டு மறந்துவிட்டேனோ என்று என்னையே சந்தேகப்பட்டேன். அப்படி அச்சு அசலாக இருந்தது. கீழே ஓடிவந்தபோது பத்தாவது படிக்கிற மகள் வாசலில் நின்றிருந்தாள். "அம்மா, ஏஐ-ல பண்ணிக்கிறாங்க. பௌர்ணமி வீடியோ நெட்டுல நிறைய கெடக்குதுல்ல, அதுலேர்ந்து எடுத்துருப்பாங்க" என்றாள்.

அவள் சொன்னது சரி. தவறிப்போன குழந்தைகளைக் கூப்பிட்ட அந்தக் கனிவெல்லாம் அப்படியே இருந்தது. அதே கனிவோடு, ஆறுதல் சொல்வது போல, ஒரு பெண்ணைக் கொலைகாரி என்றது. கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு குலை நடுங்கியிருக்காது.

அன்று முழுக்க போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு குரல் "எவ்ளோ வாங்கின?" என்றது. இன்னொன்று சொன்னதை எழுத முடியாது. 'நான் பேசலைங்க' என்று சொல்லச் சொல்ல, அதுவும் அதே குரலில்தானே வருகிறது, யார் நம்புவார்கள்? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். என் வாயையே என்னால் மூட முடியவில்லை. அது ஆட்டோவில் ஏறி ஊர் சுற்றிக்கொண்டிருந்தது.

நிலக்கடலை மூட்டை ஏற்றி கீழ்பென்னாத்தூருக்கும் இங்குமாக வேன் ஓட்டுகிற என் கணவர், "கம்முனு இரு. எலக்‌ஷன் முடிஞ்சா எல்லாம் மறந்துடுவாங்க" என்றார். சொல்லிவிட்டு அவரே எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

மாவுக்கடைப் பக்கம் போக எனக்குத் துணிவில்லை. ரவையைக் கிண்டியே காலம் தள்ளினேன். ஆனால் அந்த அம்மாவே ஒரு மதியம் வந்துவிட்டார். கதவைத் திறந்தேன். அவர் பின்னால் ஆட்கள் யாராவது கல்லோடு நிற்கிறார்களா என்றுதான் முதலில் பார்த்தேன். யாருமில்லை. கையில் மாவு வாளி இருந்தது.

"ரொம்ப நாளா வரலியே நீங்க" என்று வாளியைக் கீழே வைத்தார். பிறகு, "நீங்களா பேசினீங்க?" என்றார்.

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன். என் மாமியாருக்குத் தொண்டையில புத்துநோய். கடைசியில தண்ணி கூட எறங்கலங்க. இட்லிய கரைச்சி கரைச்சி ஸ்பூன்ல வெப்பேன். வழிஞ்சிடும். தொடச்சிட்டு மறுபடி வெப்பேன்." அவர் அழவில்லை. விரல்நுனியால் வாளியின் விளிம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நான் ஜெயிக்கிறது கெடக்கட்டும். அது உங்க குரல் இல்லன்னு தெருவுல நீங்க சொல்லணும்."

"பதிவு பண்ணித் தரேன்மா."

"பதிவை இனி யாருங்க நம்புவாங்க? நேர்ல வந்து நின்னு சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். அன்று மாலையே கரைவேட்டிக்காரரும் வந்தார். அவரிடம் யார் சொன்னார்களோ தெரியாது. உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்து, காபி கேட்டு வாங்கிக் குடித்தார். "ஓசியில பப்ளிசிட்டி மேடம் உங்களுக்கு. ஏன் டென்ஷன் ஆவறீங்க?" என்றார். டம்ளரை வைத்துவிட்டு எழுந்தபோது, ஏதோ நினைவு வந்தவர் போல, "பாப்பா ஆசிரமத்துப் பக்கம்தான டியூஷன் போவுது? சைக்கிள்ல தனியா வருது. லாரி ஜாஸ்தி அந்த ரோட்டுல. பாத்து வரச் சொல்லுங்க" என்றார்.

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்று சொன்னவருக்குப் பெண்பிள்ளை இருந்திருக்காது. என் மடியில் ஒரு குண்டுமணிக் கனம் இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து மகளை டியூஷனுக்கு அனுப்பவில்லை. பின்னால் ஹாரன் கேட்டால் சுவரோரம் ஒட்டி நின்றேன். மாவுக்கார அம்மாவுக்கு, உடம்பு சரியில்லை, வர முடியாது என்று ஆள் சொல்லி அனுப்பினேன்.

அப்படியே கம்மென்று இருந்திருப்பேன். இடையில் பௌர்ணமி வந்தது.

பொழுது சாயும் நேரம். பந்தலுக்கு ஒரு பெண் ஓடிவந்தாள். கிரிவலம் வந்த இடத்தில் நாலு வயதுப் பிள்ளையைத் தவறவிட்டிருந்தாள். மஞ்சள் கவுன், வலது கையில் கறுப்புக் கயிறு. நான் மைக்கை எடுத்து வழக்கம்போலச் சொன்னேன். மறுபடி சொன்னேன். பாதை நெடுகக் கட்டியிருந்த பெட்டிகளில் என் குரல் போய்க்கொண்டே இருந்தது. யாரும் வரவில்லை. அந்தப் பெண் என் முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய நகம் என் புடவையைத் தாண்டிக் குத்தியது. இருட்டிவிட்டது. மகள் வீட்டில் பத்திரமாகத்தான் இருக்கிறாளா என்று நடுவில் போன் செய்துவேறு பார்த்தேன்.

வெகுநேரம் கழித்து ஒரு போலீஸ்காரர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கூடவே கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைப் பக்கம் டீக்கடை வைத்திருப்பவரும் வந்தார். பிள்ளை முதலிலிருந்தே அவர் கடையில்தான் இருந்திருக்கிறது. அறிவிப்பும் கேட்டிருக்கிறது.

"கேட்டுதே, ஏன் உடனே கூட்டியாரல?" என்று கத்தினேன்.

அவர் என்னைச் சங்கடமாகப் பார்த்தார். "தப்பா நெனச்சிக்காதீங்கம்மா. உங்க குரலத்தான் யார் வேணா போட்டுக்கிறாங்களே. இது நெசமா நீங்களா, இல்ல எவனாவது புள்ள புடிக்கிறவன் போட்டதான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? போலீஸ் வர்ற வரைக்கும் உட்டுத் தரக்கூடாதுன்னு இருந்தேன்."

அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் இடத்தில் நானும் அப்படித்தான் செய்திருப்பேன். தாய் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதபோது நானும் அழுதேன். அவளுக்காகத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். இனி என் குரலைக் கேட்டு யாரும் வர மாட்டார்கள் என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. அடுத்த பிள்ளை டீக்கடைக்காரரிடம் கிடைக்கும் என்று என்ன நிச்சயம்?

மறுநாள் மாவுக்கடைக்குப் போய், வருகிறேன் என்றேன். அவர் என்னைக் குத்திக் காட்டவில்லை. நான் கொண்டுபோன வாளியை வாங்கி மாவு ஊற்றிக் கொடுத்தார்.

எங்கள் வார்டு தண்ணீர்த் தொட்டி முனையில், அந்த அம்மாவின் பிரசார ஆட்டோ பக்கத்தில் மைக்கோடு நின்றேன். அங்கே பேச அவர் முறைப்படி அனுமதி வாங்கியிருந்தார். கூட்டத்துக்கு முன்னால் முகம் காட்டி நான் பேசுவது அதுதான் முதல் தடவை. கணவர் மகளை வேனில் உட்காரவைத்து, சற்றுத் தள்ளி, இன்ஜினை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தார். ஓடுவதற்குத் தயாராகத்தான். எனக்கு அது ஆறுதலாகவும் இருந்தது, பயத்தை அதிகமாக்கவும் செய்தது.

"அந்த ஆட்டோவுல வர்றது என் குரல் இல்லைங்க" என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான், சந்திலிருந்து அந்த ஆட்டோ வந்தது. எனக்கு எதிரில் நிறுத்தி, சத்தத்தைக் கூட்டினார்கள். ஆட்டோவை ஒட்டிக் கரைவேட்டிக்காரர் நின்றார். அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கமும் நான். "பயப்படாதீங்க" என்றது பெட்டி. சொல்ல வந்தது பாதி மறந்துபோனது. கூட்டம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தது. "எது நெசம்?" என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது.

பின்னாலிருந்து ஒருவர் கல்லை எடுத்துக்கொண்டு, "ஒடைங்கடா அந்தப் பெட்டிய" என்று முன்னே வந்தார்.

"வேணாங்க" என்றேன். "ஒடைக்காதீங்க. அது பேசட்டும். அவங்களுக்கு அந்த அம்மாவைப் புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லட்டும், அவங்க வாயால சொல்லட்டும். எதிர்ல நின்னு சொன்னா நாம திருப்பிக் கேக்கலாம். அந்தப் பெட்டிய ஏதாவது கேட்டுப் பாருங்க, பதில் சொல்லுதான்னு."

முன்வரிசையில் இருந்த பூக்கார அம்மா விறுவிறுவென்று ஆட்டோவிடம் போய், பெட்டிக்கு நேரே வாயை வைத்து, "இன்னாம்மா, மாமியாருக்கு இன்னா நோவு, அதச் சொல்லு" என்று கேட்டார். பெட்டி, "வீட்டை எழுதி வாங்கிய கைக்கா உங்கள் ஓட்டு?" என்றது. கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது.

பூக்கார அம்மா என்னிடம் திரும்பி வந்தார். "சரி, நீ சொல்லு. உன் குரலுன்னு சொல்லி இத உட்டது யாரு?"

என்ன நோய் என்று கேட்பார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதற்குப் பதில் இருந்தது. இதற்கும் இருந்தது. கரைவேட்டிக்காரர் என்னைப் பார்க்கவில்லை. தூரத்தில் நின்ற வேனைப் பார்த்தார். உள்ளே என் மகள் இருந்தாள். அந்தப் பார்வை ஒன்று போதும், நான் மைக்கைக் கீழே வைத்துவிட்டுப் போவதற்கு. சத்தியமாகச் சொல்கிறேன், வைக்கத்தான் நினைத்தேன்.

"தாளு எழுதியாந்து என்கிட்ட குடுத்தது அவரு" என்றேன். கை நீட்டினேன். "பேச மாட்டேன்னேன். அப்பறம் இது வந்துது. வீட்டுக்கு வந்து, என் பொண்ணு தனியா போவுதுன்னு சொன்னாரு. எனக்கு... எனக்குப் பயமா இருக்குதுங்க."

குரல் உடைந்து, கீச்சென்று, கேட்கவே அசிங்கமாக வந்தது. எல்லாம் கெட்டது என்று நினைத்தேன். எதிரே பெட்டி தெளிவாக, கனிவாகப் பேசிக்கொண்டே இருந்தது. கூட்டத்தில் சிரிப்பு நின்றிருந்தது.

"அது நடுங்கல பாரு" என்றார் பூக்கார அம்மா, பக்கத்திலிருந்தவரிடம். "இதான் அந்தப் பொண்ணு."

கரைவேட்டிக்காரர் ஏதோ சைகை காட்டினார். ஆட்டோ பின்னால் எடுத்துக்கொண்டு போனது. பெட்டியை யாரும் உடைக்கவில்லை.

தேர்தலில் மாவுக்கார அம்மா தோற்றுப்போனார். ஜெயித்தவருக்காக அதே கரைவேட்டிக்காரர், கொஞ்சமும் வெட்கமில்லாமல், வாக்காளர்களுக்கு நன்றி சொல்லும் அறிவிப்புக்கு என்னிடமே வந்தார். நன்றியையாவது அவரே சொல்லட்டும் என்று கதவைச் சாத்தினேன். சாத்திய பிறகு நெடுநேரம் கதவுக்குப் பின்னாலேயே நின்றேன். மகள் மறுபடி டியூஷன் போகிறாள், ஆனால் நான்தான் விட்டுக் கூட்டிவருகிறேன். பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய்.

அடுத்த பௌர்ணமியில் மறுபடி ஒரு பிள்ளை தவறியது. மைக்கை எடுத்தேன். தண்ணீர்த் தொட்டி முனைக்குப் பிறகு மைக்கைத் தொட்டாலே குரல் உதறுகிறது. எவ்வளவு அடக்கியும் "பயப்படாதீங்க" என்கிற இடத்திலேயே உடைந்தது. வெட்கமாக இருந்தது. மறுபடி சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் பந்தல் போன் அடித்தது. அடி அண்ணாமலை டீக்கடைக்காரர்.

"புள்ள இங்கதான் கீதும்மா" என்றார். "கூட்டிக்கினு வரேன். குரல் நடுங்குச்சு, நீங்கதான்னு தெரிஞ்சிது."