ஏழு கேட்டால் ஏழு வீடு

போன சனிக்கிழமை பார்த்ததை நினைத்தால் இன்னும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை.

புக்கிட் ரோத்தான் பக்கத்து எஸ்டேட் ஆபீசில் என் கொழுந்தியாள் கோமதி வேலை செய்கிறாள். அங்கே புதிதாக வந்திருக்கும் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுவதும் அவள்தான். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனால்… தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரே கூச்சல்!

ஒரு லோரி நிற்கிறது. அதில் பத்தாங் காலி எஸ்டேட்டிலிருந்து மாற்றலாகி வந்த குடும்பங்கள். மூன்றாம் நம்பர் வீட்டு வாசலை மறித்துக்கொண்டு அஞ்சலை என்ற பெண். அவளை வெளியேறச் சொல்பவர், தோட்டத்து ஆட்களை மேய்க்கும் மண்டோர் முனியாண்டி. யார் அவர்? அஞ்சலையின் கூடப்பிறந்த அண்ணன்!

“இந்த வீடு காலின்னு கம்ப்யூட்டர்ல வந்திருக்கு தங்கச்சி. புது மேனேஜர் உத்தரவு. நான் என்னா பண்றது லா?”

“அடுப்புல சோறு கொதிக்குது. உள்ள புள்ள தூங்குது. இதுவாண்ணே காலி?”

“கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்குள் அவள் கட்டில் முற்றத்துக்கு வந்துவிட்டது. ஆபீசுக்கு ஓடினேன்.

கோமதி திரையைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

“ஐயோ மாமா… ஏழாம் நம்பர் மட்டுந்தான் காலி!”

முன்பெல்லாம் காலியான வீட்டைப் புரோகிராமில் அப்படியே எழுதிவிடுவாள்: ‘வீட்டு நம்பர் ஏழு, காலி’. எழுதியதுதான் இருக்கும், வேறொன்றும் முளைக்காது. இந்த முறை ஏதோ பத்திரிகையில் பார்த்து, வீட்டுப் பதிவைத் தானே உருவாக்கித் தரும் சப்ரூட்டின் என்ற குட்டிப் புரோகிராம் ஒன்றைச் சேர்த்திருக்கிறாள். ஏழு என்று கொடுத்தால் ஏழாம் நம்பர் வீடு வரும் என்று நினைப்பு. அதுவோ, எத்தனை வீடு வேண்டும் என்று கேட்கிற ரகம். ஒன்றிலிருந்து ஏழு வரை ஏழு காலி வீடுகளை உருவாக்கிக் கொடுத்துவிட்டது!

அப்படியே எழுதினால் ஒரு வீடு. உருவாக்கச் சொன்னால் ஒரு வரிசையே காலி. இரண்டுக்கும் நடுவே ஆறு குடும்பம் தெருவுக்கு வந்திருக்கும்.

மெஷினை விடுங்கள், அதற்குக் கண் இல்லை. தங்கை எதிரே நிற்கும்போது அண்ணனுக்குமா இல்லாமல் போகும்? எனக்கு மனசு ஆறவே இல்லை.

கோமதி லயத்துக்கு ஓடிவந்து மண்டோரிடம் விஷயத்தைச் சொன்னாள். ஒரு குடும்பம் ஏழாம் நம்பருக்குப் போனது. மற்றவர்களுக்கு இப்போதைக்குக் கோயில் மண்டபம். கட்டில் உள்ளே போனது. மண்டோர் அசடு வழியச் சிரித்தார்.

“அதான் சரியாயிடுச்சே. ஒரு தேத்தண்ணி போடு தங்கச்சி.”

அஞ்சலை கதவைப் பாதி சாத்தினாள்.

“காலி வீட்டுல தேத்தண்ணி ஏதுண்ணே?”