என் வீட்டுக்காரரின் பஞ்சர் பை

சைக்கிளில் போகிறவன் வழியில் என்னென்ன வைத்திருக்க வேண்டும் என்று என் கணவர் ஹம்ரோகுலிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். சீட்டுக்குப் பின்னால் தொங்கும் தோல்பையை அப்படியே கவிழ்த்துவிடுவார். டயரை நெம்ப இரண்டு லீவர், மூன்று அளவில் ஸ்பேனர், உப்புத்தாள், சொல்யூஷன், ஒட்டுப் போட வெட்டிய ரப்பர், கைப்பம்பு, அரை முழம் செயின். கால்வாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டுத் திறந்துவிடுவது அவர் வேலை. நாளெல்லாம் சைக்கிள்தான். அந்தப் பையைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. வாசலில் முசுக்கட்டை மரத்தடியில் உட்கார்ந்து தொப்பிக்குப் பூ தைத்துக்கொண்டிருப்பேன். அந்த வருஷம் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் ஒன்பது முறை அவர் சைக்கிள் பஞ்சர் ஆனது. ஒன்பதும் எங்கள் வீட்டு வாசலில்.

"சனோபர், ஒரு பேசின்ல தண்ணி கிடைக்குமா? ஓட்டை எங்கன்னு பாக்கணும்."

"வாசல்லயே கால்வாய் ஓடுது. தெறந்துவிட்டதே நீங்கதானே, அகா?" என்பேன். வயதில் மூத்த ஆணை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"ஓடுற தண்ணில குமிழி தெரியாதே."

பதில் தயாராக இருக்கும். வீடு தேடி வந்தவரை வெறும் தண்ணீரோடு அனுப்பும் வழக்கம் எங்களுக்கு இல்லை. அப்பா உள்ளே கூப்பிட்டு, தேநீர் ஊற்றி, ரொட்டியைப் பிட்டு வைப்பார். பாவம் அப்பா, பையன் படும் பாட்டைப் பார்த்து உருகிப்போய், சாலையோரத்து ஒட்டக முள் அத்தனையையும் வெட்டி எறிந்தார். மறுநாளும் பஞ்சர்.

மூன்றாம் முறையே எனக்குத் தெரிந்துவிட்டது, ஆள் தெருமுனையில் காற்றைப் பிடுங்கிவிட்டு வருகிறார் என்று. டியூபை முக்கினால் ஒரு குமிழி வராது. தேநீர் முடிந்ததும் காற்றடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். வேறு எதற்கும் வாயைத் திறக்க மாட்டார். அவர் போன பிறகு எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். அவ்வளவு பிடித்திருந்தது அவரை.

ஜூனில் பக்கத்து ஊரிலிருந்து, வெள்ளிக்கிழமை என்னைப் பெண் கேட்டு வருகிறோம் என்று சொல்லியனுப்பினார்கள். வியாழன் காலை ஹம்ரோகுல் வந்து நின்றார். விஷயம் அவருக்கும் தெரிந்திருந்தது, முகத்தில் ஈயாடவில்லை. அப்போதும் அந்த மனுஷன் கேட்டது ஒரு பேசின் தண்ணீர்தான்!

அவர் அப்பாவோடு தேநீர் குடிக்கப் போனதும், பேசினில் கிடந்த டியூபில் தொப்பி ஊசியை ஏற்றினேன்.

திரும்பி வந்து காற்றடித்தார். உஸ்ஸென்றது. திகைத்துப்போய்ப் பையைத் திறந்தார். சொல்யூஷன் டியூபின் சீல்கூட உடைபடவில்லை. உப்புத்தாளை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தார்.

"ஒட்டத் தெரியாதா, அகா?"

"இதுவரைக்கும்... நெஜமா பஞ்சர் ஆனதே இல்ல."

நானே வாங்கித் தேய்த்து, சொல்யூஷன் தடவினேன். "இது காயணும். சும்மா நிக்காம இதப் பிடிங்க" என்று துடைப்பத்தை நீட்டினேன். "முள்ளு எங்க வாசல்லதானே குத்துது? பெருக்குங்க."

எங்கள் ஊரில் அடுத்தவர் வீட்டு வாசலை யாரும் விளையாட்டுக்குப் பெருக்குவதில்லை. அந்த வீட்டில் பெண் கேட்கும் குடும்பத்துப் பெண்கள்தான் காலையில் வந்து பெருக்குவார்கள். எதிர்வீட்டு ஹோஜர் சித்தி வேறு மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்துவிட்டுத்தான் நான் துடைப்பத்தையே எடுத்தேன்.

அவர் காதெல்லாம் சிவந்துவிட்டது. "சித்தி பாக்குறாங்க, சனோபர்."

"கண்ணு இருக்கு, பாக்குறாங்க. பெருக்குறீங்களா, நான் உள்ள போகவா?"

பெருக்கினார். மண்ணில் பள்ளம் விழுகிற மாதிரி பெருக்கினார்.

"ஏ ஹம்ரோகுல்!" என்று சித்தி கூவினாள். "உங்க வீட்ல பொம்பளைங்களே இல்லையாடா? மாப்பிள்ளையே வந்து பெருக்குறான்!"

சத்தம் கேட்டு அப்பா வெளியே வந்தார். "முள்ளையெல்லாம் நான்தான் வெட்டிட்டேனே, இன்னும் என்னத்தடா பெருக்குற?"

ஹம்ரோகுல் நிமிர்ந்தார். துடைப்பத்தை மட்டும் விடவில்லை.

"முள்ளுக்கு இல்லீங்கய்யா. சனோபருக்கு."